ரெஜிபோம் விமானமும் எமதூரின் பயமும்



சென்ற வாரம் எமதூர் வாட்ஸ்அப் குழுமத்தில் ஒரு குரல் பதிவு சுற்றியது. பேசியவரின் பெயர் வேண்டாம், எமக்கு வேண்டியவர்தான். "பிள்ளைகளுக்கு ஓ.எல். எக்ஸாம் கிட்டிக்கிட்டு வருது. சேர் பொடியன்மார சேத்துக்கிட்டு வயல்ல பிளேன் உட்டுக்கிட்டு நிக்கிறார். இத யாரும் கேக்க மாட்டீங்களா?" கீழே பதினேழு பேர் பெருவிரலைத் தூக்கியிருந்தார்கள். அதில் மூன்று பேர் எம்மிடம் படித்தவர்கள்.

குழுமத்துக்குள் பதில் சொல்லப் போனால் ஸலாத்தில் தொடங்கிய பேச்சு சண்டையில் முடியும். அதனால் இங்கே ஆறுதலாக எழுதுகிறோம். கொஞ்சம் நீளும். நேரமில்லாதவர்கள் கடைசிப் பந்தியை மட்டும் வாசித்தாலும் போதும், அதில் ஒரு உதவி கேட்டிருக்கிறோம்.

முதலில், வயலில் நடப்பது என்னவென்று சொல்லிவிடுகிறோம். அது கடையில் வாங்கும் ட்ரோன் இல்லை. கெமராவும் கிடையாது. ரெஜிபோமில் வெட்டிய ஒரு மீற்றர் நீளமான இறக்கை, வீட்டு வயரிங் கேசிங்கில் செய்த முதுகெலும்பு, பட்டம் கட்டும் மூங்கில் ஈர்க்கு, பிறவுண் டேப், ஒரு சிறிய மோட்டர், வாலை அசைக்க இரண்டு சர்வோ, கையில் ஒரு ரிமோட். எல்லாம் சேர்ந்து 600 கிராம் அளவில் வரும். கட்டுவது எமது வீட்டு விறாந்தையில், சனிக்கிழமைகளில். பறப்பது அறுவடை முடிந்த வயலில்.

2018இல் இதைத் தொடங்கினோம். 'வேலை, சக்தி, வலு' என்ற பாடத்தைப் பலகையில் எழுதி எழுதி எமக்கே சலித்துப்போயிருந்த காலம். இயக்கசக்தியின் சமன்பாட்டைக் கேட்டால் வகுப்பே ஒரே குரலில் சொல்லும். அந்தச் சமன்பாட்டில் வேகம் ஏன் வர்க்கமாக வருகிறது, அதனால் யாருக்கு என்ன என்று கேட்டால் எல்லோரும் மேசையைப் பார்ப்பார்கள். அப்போதுதான் பத்தாம் தரத்து மாணவன் ஒருவன், பழைய விளையாட்டுக் காரிலிருந்து கழற்றிய மோட்டரோடு வந்து, "சேர், இதால ஒரு பிளேன் செய்ய ஏலுமா?" என்று கேட்டான். அந்த மோட்டரால் ஏலாது. ஆனால் கேள்வி எம்மை விடவில்லை.

முதலாவது விமானம் பார்க்க மிக அழகு. இன்டர்நெட்டில் கிடைத்த படத்தை அளந்து வெட்டி, வெள்ளையும் பச்சையும் பூசி, வாலில் இரண்டு பக்கமும் தேசியக்கொடி ஒட்டியிருந்தோம். காற்றில் இருந்தது நான்கு செக்கன். மூக்கைத் தூக்கியது, ஒரு கணம் அப்படியே நின்றது, பின்னர் வரம்பில் போய்க் குத்தியது. மோட்டரின் அச்சு வளைந்துவிட்டது. எல்லோரும் காற்றைக் குறை சொன்னார்கள். றிவஸ்டன் பக்கமிருந்து காற்று வரும் நாள்தான், ஆனால் குற்றவாளி காற்று இல்லை. பெயின்டும் கொடியும் சேர்ந்து வாலைப் பாரமாக்கியிருந்தன. இறக்கைக்கு அடியில் இரண்டு விரல்களை வைத்துத் தூக்கிப் பார்த்திருந்தால் அது முன்னமே தெரிந்திருக்கும். எமது இறக்கையின் அகலம் 20 சென்ரிமீற்றர். முன்விளிம்பிலிருந்து 5, 6 சென்ரிமீற்றர் உள்ளே விரல் வைத்தால் விமானம் தராசு போல நிற்க வேண்டும். வால் கீழே சரிந்தால் அதைப் பறக்கவிடக் கூடாது. இப்போது மூக்கில் இரண்டு ரூபாக் குற்றிகளை டேப்பால் ஒட்டிச் சரிபார்த்த பிறகுதான் பெட்டரியை இணைக்கிறோம்.

அடுத்த கேள்வி, உடையாத விமானத்தை எப்படிக் கட்டுவது என்பது. ஆசிரியரும் மாணவரும் எல்லோருமாகச் சேர்ந்து பிழையான பதிலைச் சொன்னோம்: பலமாகக் கட்டுவோம். ரெஜிபோமை இரண்டு தட்டாக்கினோம். நடுவில் மர அடிமட்டம் வைத்தோம். டேப்புக்கு மேல் டேப் சுற்றினோம். ஒருவன் இன்னும் பலம் வரட்டும் என்று சுப்பர் குளூவை ஊற்ற, அது ரெஜிபோமைக் கரைத்துக் கை போகிற அளவுக்கு ஓட்டை போட்டது. (தச்சர் பாவிக்கும் வெள்ளைக் கம் அல்லது குளூ கன் மட்டும்தான் ரெஜிபோமுக்குச் சரி. இதை அறிய எமக்கு ஒரு முழு இறக்கை செலவானது.) கடைசியில் கதவு மாதிரி ஒரு விமானம் வந்தது. 900 கிராம். அதுவும் விழுந்தது. இந்த முறை மூக்கும் இறக்கையும் மட்டுமல்ல, பெட்டரியும் நசுங்கியது.

அன்று மஃரிபுக்குப் பிறகு எமது மகள்தான் கொப்பியை எடுத்து உட்கார்ந்தாள். இறக்கை தரும் தூக்கு விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. ஆகவே விமானம் ஒன்றரை மடங்கு பாரமானால், விழாமல் பறக்கத் தேவையான ஆகக்குறைந்த வேகத்தின் வர்க்கமும் ஒன்றரை மடங்காக வேண்டும். எமது இறக்கைக்குக் கணக்குப் போட்டால் 600 கிராமுக்கு மணிக்கு 26 கிலோமீற்றர் அளவில், 900 கிராமுக்கு 31, 32 அளவில் வருகிறது. இது வரை பயமில்லை. ஆனால் நிலத்தில் மோதும்போது திணிவு ஒன்றரை மடங்கு, வேகத்தின் வர்க்கம் இன்னொரு ஒன்றரை மடங்கு. பெருக்கினால் இரண்டேகால். பலமாகக் கட்டுகிறோம் என்று நினைத்து, அடியைத்தான் இரண்டேகால் மடங்காக்கியிருக்கிறோம்.

அந்தச் சமன்பாட்டில் வேகம் ஏன் வர்க்கமாக வருகிறது என்று அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகளிடம் எவரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அதன் பிறகு கேள்வியை மாற்றினோம். எது உடையலாம், எது உடையக் கூடாது? மோட்டர், பெட்டரி, ரிமோட்டின் சமிக்ஞையை வாங்கும் ரிசீவர், இவை காசு. ரெஜிபோம் துண்டு, ஈர்க்கு, டேப், இவை தூசு. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதை எல்லோரும் பருப்பு விலையில் அறிந்தீர்கள், நாம் மோட்டர் விலையிலும் அறிந்தோம். ஆகவே தூசு உடைந்து காசைக் காப்பாற்ற வேண்டும். இறக்கையை ஒட்டுவதை நிறுத்திவிட்டு, உடலில் குத்திய மூங்கில் ஆணிகளில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டினோம். மோதினால் இறக்கை தெறித்துக் கழன்றுவிடும், முறியாது. இரண்டு நிமிடத்தில் திரும்ப மாட்டலாம். மோட்டரை மூக்கிலிருந்து எடுத்து இறக்கைக்கு மேலே ஒரு சிறு கம்பத்தில், பின்பக்கம் பார்க்க வைத்தோம். புரொப்பெல்லர் மண்ணைத் தொடுவதில்லை. ஆனால் எறிபவனின் கைக்கு அது ஆபத்து, அதனால் விமானம் கையை விட்டுப் போன பிறகுதான் மோட்டரை முடுக்க வேண்டும் என்பது எமது கண்டிப்பான சட்டம். மூக்கில் வெறும் ரெஜிபோம் கட்டி ஒன்று மட்டும். அது நசுங்குவதற்கென்றே வைத்தது. விழும்போது விமானத்திலேயே பாரமான பொருளான பெட்டரி முன்னுக்குப் பாயும். அதற்கு முன்னால் கடினமான எதுவும் இருக்கக் கூடாது. நசுங்கிய கட்டியை வெட்டி எறிந்துவிட்டுப் புதியதை ஒட்டினால் சரி.

அடிவயிற்றுக்கும் வாலுக்கும், பெயர்ப்பலகைக் கடைகளில் பாவிக்கும் பிளாஸ்டிக் தகடு வைத்தோம். இரண்டு தட்டுக்கு நடுவே குழாய் குழாயாக ஓட்டை இருக்குமே, அந்தத் தகடு. அமெரிக்காவில் சில பொழுதுபோக்குக்காரர்கள் இந்தத் தகட்டாலும் கூரைப் பீலிக் குழாயாலும் முழு விமானமே கட்டிப் பறக்கவிட்டார்கள். எளிதில் சாகாது, ஆனால் ரெஜிபோமைவிடப் பாரம். பாரம் என்றால் என்னவென்று எமக்குத்தான் தெரியுமே. அதனால் தேய்கிற இடத்துக்கு மட்டும் அளவாக.

அந்த மூன்றாவது விமானம் பலாமரத்தில் தொங்கியது, வாய்க்காலில் நனைந்தது, ஒரு தடவை மாட்டுக்கு மேலேயே இறங்கியது. (மாட்டுக்கு ஒன்றுமில்லை, சொந்தக்காரர்தான் கொதித்தார்.) நாற்பது தடவைக்கு மேல் விழுந்திருக்கும். விழுந்த மாலையே எழுந்தது. கடைசியில் முதலில் வெட்டிய ரெஜிபோமில் ஒரு துண்டுகூட அதில் மிச்சமில்லை, ஆனாலும் அது அதே விமானம்தான். அதைக் கட்டியவன், விளையாட்டுக் கார் மோட்டரோடு வந்தானே, அதே மாணவன். விமானத்தை அவனிடமே கொடுத்துவிட்டோம்.

இனி எழுதப் போவது எமக்கு லேசான பகுதி இல்லை.

2019 ஏப்ரல் 17ஆம் திகதி, எமது நேரப்படி 18 அதிகாலை, இலங்கையின் இளம் பொறியியலாளர் இருவர் ஜப்பானில் கட்டிய ராவணா-1 என்ற சிறு செய்மதி அமெரிக்காவிலிருந்து விண்வெளி நிலையத்துக்குப் புறப்பட்டது. ஒரு கிலோ அளவான பெட்டி. பாடசாலை விடுமுறை. பிள்ளைகள் அந்த வீடியோவை எமக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். "சேர், எங்கட பிளேனும் கிட்டத்தட்ட அந்த வெயிட்தான்" என்று அவன் எழுதியிருந்தான்.

அந்த ஞாயிறு, 21ஆம் திகதி. அதில் நடந்தவற்றை இங்கே திரும்ப எழுதத் தேவையில்லை. உயிர்களை இழந்த குடும்பங்களின் துயரத்துக்கு முன்னால் நாம் சொல்லப்போவது மிகச் சிறிய விடயம், அது எமக்குத் தெரியும். 25ஆம் திகதி ட்ரோன்களையும் ஆளில்லா வானூர்திகளையும் பறக்கவிடுவது நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. அந்த நேரத்தில் அது தேவையான முடிவு. ஆனால் எமதூரில் நடந்தது அதையும் தாண்டியது. அந்த வாரம் வீடு வீடாகச் சாமான் குறைந்தது. குர்பானிக் கத்தி, அரபு எழுத்துள்ள சீடி, பழைய ரேடியோ, வயர்ச் சுருள், என்னவென்று கேட்டால் சிங்களத்தில் விளக்கம் சொல்ல முடியாத எல்லாமே வீட்டை விட்டுப் போயின.

அவனுடைய வாப்பா அஸருக்குப் பிறகு எமது வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. "சேர், குற நெனக்க வேணாம். வயரும் பெட்டரியும் ஈக்கிற சாமான். வந்து பாத்தா நாங்க என்னண்டு சொல்ற? எங்கட சிங்களமும் அப்பிடி இப்பிடித்தான்." விமானத்தைக் கொல்லையில் போட்டு எரித்துவிட்டதாகச் சொன்னார். ரெஜிபோம் எரிந்தால் கரும்புகை கிளம்பும். மறைக்க நினைத்தது ஊருக்கே தெரிகிற மாதிரிப் புகைந்திருக்கிறது. பக்கத்து வளவுச் சிங்களப் பெரியவர் வீடு பற்றுகிறது என்று நினைத்து வாளியோடு ஓடி வந்திருக்கிறார். என்ன எரிகிறது என்று பார்த்தவர், தலையில் கை வைத்துக்கொண்டு, "அந்தப் பிள்ளையின் பிளேனையா எரித்தீர்கள்?" என்று கேட்டாராம். வயல் அவருடையதுதான். அதில்தான் நாம் ஒரு வருடமாகப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தோம்.

வாப்பாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவரிடம் நாம் என்ன சொன்னோம் தெரியுமா? "நல்ல வேல செஞ்சீங்க." அவர் பின்னால் பிள்ளை நின்றுகொண்டிருந்தான். அன்றிரவே எம்மிடமிருந்த ரிமோட்டையும் மோட்டர்களையும் உரப்பையில் கட்டி, விடிவதற்கு முன் சுது கங்கையில் போட்டோம். சட்டம் பறக்கவிட வேண்டாம் என்றது. ஆற்றில் போடச் சொல்லவில்லை. அதை எமக்கு நாமே சொல்லிக்கொண்டோம்.

அவன் அதன் பிறகு விமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாதாரண தரம் எழுதினான், சுமாராகச் சித்தியடைந்தான். இன்று கட்டாரில் ஒரு சுப்பர் மார்க்கெட்டில் இருக்கிறான். வீட்டைக் கட்டி, தங்கைக்குக் கலியாணம் முடித்துக் கொடுத்த நல்ல பிள்ளை. அதில் குறைவேதும் இல்லை. ஆனால் விழுந்ததை அதே மாலையில் ஒட்டி எழுப்புகிற அந்தக் கை அலுமாரியில் சாமான் அடுக்குகிறது என்று நினைக்கும்போது எமக்கு உறுத்துகிறது. அந்த உறுத்தலில் ஒரு பங்கு எமதூருக்கும் உண்டு என்று நினைக்கிறோம். குறை விளங்கினால் மன்னியுங்கள்.

2023இல் திரும்பத் தொடங்கினோம். இந்த முறை முதலில் ரெஜிபோம் வெட்டவில்லை. ஒரு பழைய இறக்கையையும் மோட்டரையும் எடுத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். வாசலில் கால் கூசியது உண்மை. உள்ளே நாம் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. அதிகாரி இறக்கையைக் கையில் எடுத்துப் பார்த்தார், எவ்வளவு தூரம் போகும், கெமரா உண்டா என்று கேட்டார், எந்த நாள், எந்த வயல், யார் யார் என்று எழுதிக்கொண்டார். கான்ஸ்டபிள் ஒருவர் தன் மகனையும் சேர்க்கலாமா என்றார். பிள்ளை இரண்டு வாரம் வந்தான், பிறகு டியூஷன் என்று நின்றுவிட்டான். டியூஷன் எல்லா இனத்துக்கும் பொதுவான நோய். கிராம சேவகருக்கும் சொன்னோம். வயல்காரப் பெரியவருக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை, "இவ்வளவு காலம் எங்கே போனீர்கள்?" என்று அவரே கேட்டார்.

இதை வாசித்துவிட்டு நாளைக்கே பிள்ளைக்கு ஒன்று வாங்கிக் கொடுத்து மொட்டை மாடியில் ஏற்றிவிடாதீர்கள். இந்த நாட்டில் ஆளில்லா வானூர்திகள் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் கட்டுப்பாட்டில் வருகின்றன. எடையைப் பொறுத்தும் இடத்தைப் பொறுத்தும் விதி மாறும், பதிவும் அனுமதியும் தேவைப்படும். முதலில் அங்கே கேட்டறியுங்கள். எமது மாவட்டத்திலேயே சிகிரியாவில் விமானப்படைத் தளமும் இருக்கிறது, உலக மரபுரிமைச் சின்னமும் இருக்கிறது. அந்தப் பக்கம் நினைக்கவே வேண்டாம். ஆட்களுக்கு மேலாக, வீதிக்கு மேலாக, மின்கம்பிக்குப் பக்கத்தில் பறக்கவிடக் கூடாது. பெட்டரியைப் பற்றி இன்னும் கவனம்: இந்த லித்தியம் பெட்டரி நசுங்கினாலோ ஊதினாலோ அதோடு அதன் ஆயுள் முடிந்தது. சார்ஜ் போட்டால் தீப்பற்றும். இரவில் சார்ஜரில் விட்டுவிட்டுத் தூங்குவதும் கூடாது. எமது வீட்டில் சார்ஜ் போடுவது சீமெந்துத் தரையில், ஒருவர் பக்கத்தில் இருந்தபடி.

ஒழுங்காகக் கேட்டு, வெளிச்சத்தில், பலர் பார்க்கச் செய்கிற வேலைக்கு மறைக்க ஒன்றுமில்லை. 2019இல் எமக்கு இல்லாமல் போனது வயர் அல்ல, இந்தத் தைரியம்தான்.

இனி அந்தக் குரல் பதிவுக்கு வருவோம். படிப்பு.

ஒவ்வொரு மீலாத் விழாவிலும் எமது பிள்ளைகளில் ஒருவன் அப்பாஸ் இப்னு பிர்னாஸைப் பற்றிப் பேசுவான். ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபாவில் இறக்கை கட்டிப் பறந்த முஸ்லிம் அறிஞர், நிலவில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர், பக்தாதில் அவருக்குச் சிலை. சபை கைதட்டும். ஆனால் அவர் பறந்த செய்தியை எமக்குச் சொல்லுகிற, பல நூற்றாண்டுகளுக்குப் பிந்திய வரலாற்றாசிரியர் அல்மக்கரி இன்னொன்றையும் எழுதியிருக்கிறார். இப்னு பிர்னாஸ் இறங்கும்போது முதுகில் பலமாக அடிபட்டது. காரணம், பறவை இறங்குவதற்கு வாலைப் பாவிக்கிறது என்பதை அவர் கவனிக்கவில்லை, வால் வைக்கவில்லை. இந்த இடத்தைப் பேச்சிலிருந்து வெட்டிவிடுவது யார்? பேச்சு எழுதிக் கொடுக்கும் ஆசிரியர்களாகிய நாமேதான். விழுந்ததைச் சொன்னால் பெருமை குறையுமாம். எமக்கோ அந்தச் செய்தியிலேயே பயன்படுகிற இடம் அந்த வால்தான். சென்ற வருடம் மேடையில் பேசிய மாணவன் எமது சனிக்கிழமைப் பிள்ளை. வாலைப் பற்றி அவனாகவே சேர்த்துப் பேசினான். எழுதிக் கொடுத்ததில் அது இருக்கவில்லை.

அப்துல் கலாம் இராமேஸ்வரத்தில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது அவருடைய ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் பறவை எப்படிப் பறக்கிறது என்று பலகையில் கீறி விளக்கினார். பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. உடனே எல்லோரையும் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ப் பறவைகளைக் காட்டினார். அன்று இராமேஸ்வரத்தில் வாட்ஸ்அப் இருந்திருந்தால் ஐயருக்கும் ஒரு குரல் பதிவு வந்திருக்கும். மாத்தளையில் எமக்குக் கடல் இல்லை, வயல் இருக்கிறது.

எமது நாட்டிலேயே ரே விஜேவர்தன என்றொரு பொறியியலாளர் இருந்தார். கேம்பிரிஜில் படித்தவர், சிறு விவசாயிகளுக்காக இருசில்லு உழவு இயந்திரம் வடிவமைத்தவர், மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக இருந்தவர். 2010இல் காலமானார். அவர் தன் கையாலேயே சிறு விமானங்களைக் கட்டி, அதில் தானே ஏறிப் பறந்தார். பொடியன்மாருக்கு அவரைத் தெரியாது, நடிகர் அஜித்தைத் தெரியும். பரவாயில்லை. அஜித் ஆலோசகராக இருந்த தக்‌ஷா என்ற சென்னை எம்.ஐ.டி. மாணவர் குழு 2018இல் அவுஸ்திரேலியாவில், மருத்துவ மாதிரியை எடுத்து வரும் ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது. அவர்களும் ஒரு காலத்தில் எங்கோ ஒரு மைதானத்தில் உடைந்த இறக்கையை ஒட்டிக்கொண்டிருந்தவர்கள்தான்.

பிளேன் விட்டால் ஒன்பது ஏ வரும் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவரை நம்பவும் வேண்டாம். குரல் பதிவில் ஒரு நியாயமும் இருக்கிறது. சென்ற தவணையில் ஒரு மாணவன் வெள்ளி இரவெல்லாம் இறக்கை வெட்டிக்கொண்டிருந்து கணிதத்தில் சரிந்தான். அது எமது கவனக்குறைவு. இப்போது வீட்டுப்பாடக் கொப்பியைக் காட்டாமல் யாரும் கட்டரைத் தொட முடியாது. பதினோராம் தரத்தவர்களுக்குப் பரீட்சைக்கு முந்திய மூன்று மாதமும் விடுமுறை. ஆனால் வாரத்தில் இரண்டரை மணித்தியாலம் பிள்ளையின் எதிர்காலத்தைத் தின்றுவிடும் என்று அஞ்சும் பெற்றோர், அதே பிள்ளை போனில் செலவழிக்கும் நேரத்தையும் ஒரு நாள் எண்ணிப் பாருங்கள்.

வகுப்பில் பிழையான விடை எழுதினால் சிவப்புக் கோடு. வீட்டில் கோப்பை உடைந்தால் அடி. பிள்ளை ஒன்றைப் பிழையாகச் செய்து, ஏன் பிழைத்தது என்று தானே கண்டுபிடித்து, அன்றைக்கே திருத்திப் பார்க்க எமதூரில் அவனுக்கு எங்கே இடம் இருக்கிறது? கராஜில் வேலைக்குச் சேர்ந்த பொடியனுக்கு இருக்கிறது. படிக்கிற பிள்ளைக்கு இல்லை. உடைத்துவிடுவான் என்று ஸ்க்ரூ டிரைவரைப் பறிக்கிறோம், கை வெட்டும் என்று கட்டரைப் பறிக்கிறோம், 2019இல் வயரையும் பறித்தோம். பிறகு, "எங்கட பிள்ளைகள்ல ஏன் என்ஜினியர்மார் கொறவு?" என்று பள்ளிவாசல் கூட்டத்தில் கேட்கிறோம்.

இன்னொன்று. பெண்பிள்ளைகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நாமாகச் சொல்கிறோம். சோல்டர் பிடிப்பதில் எமது விறாந்தையில் முதலிடம் எமது மகளுக்கும் அவளுடைய கூட்டாளிக்கும்தான். வயலுக்கு அவர்களை அனுப்பத் தயங்கும் உம்மாமார், கட்டும் வேலைக்காவது விறாந்தைக்கு அனுப்புங்கள். எமது வீட்டார் எந்நேரமும் அங்கேதான் இருப்பார்கள்.

சென்ற மாதம் கட்டாரிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. நலம் விசாரித்தான். வைக்கப் போகும்போது, இப்போது இறக்கையை எதால் ஒட்டுகிறீர்கள் என்று கேட்டான். ரப்பர் வளையம்தான் இன்னும், என்றோம். "நல்லம். அத மாத்த வேணாம் சேர்" என்றான். 2019இல் அவன் முன்னால் நாம் சொன்ன அந்த வார்த்தைக்கு அன்றுதான் மன்னிப்புக் கேட்டோம். அவன் சிரித்துவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டான்.

சரி, உதவி. வரும் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு அதே வயலில் நிற்போம், மழை பெய்தால் விறாந்தையில். குரல் பதிவு போட்டவர் கட்டாயம் வர வேண்டும், அவருடைய மகனின் விமானம்தான் அன்று முதலாவது. மகன் இன்னும் வீட்டில் சொல்லவில்லை போலிருக்கிறது. வருகிறவர்கள், டீவீயோ ஃபிரிட்ஜோ வாங்கிய பெட்டிக்குள் வந்த ரெஜிபோம் கட்டிகளை எறியாமல் வைத்திருந்தால் கொண்டு வாருங்கள். பழைய பெயர்ப்பலகைத் தகடு ஒரு துண்டு இருந்தாலும் போதும். காசு வேண்டாம். விமானத்தின் பாதையில் நிற்க வேண்டாம், வரம்புக்கு இந்தப் பக்கம் நில்லுங்கள். மாட்டை யாரும் கட்ட வேண்டியதில்லை, இந்தத் தடவை அதன் சொந்தக்காரரே கட்டி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.